திங்கட்கிழமைத் தண்ணீர்

உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்களோ, சிவதாணு கண்ணாடிக்கு முன்னால் நின்று சொற்பொழிவு ஒத்திகை பார்த்தார். கரமனையில் ஆற்றை ஒட்டிய தெருவில், ஐம்பத்து நாலு வயதில், பல் தேய்க்கிற பிரஷ்ஷை மைக்போலப் பிடித்துக்கொண்டு ஒருவர் “மதிப்புக்குரிய உலகப் பிரதிநிதிகளே” என்று ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதா? நன்றாகவே கேட்டது. ஒரு வாரமாக அந்த வீட்டுக்காரர் இவரைப் பார்க்கும்போதெல்லாம் தலையை அரை அங்குலம் கூடுதலாகக் குனிந்து வணக்கம் சொன்னார். அது கேலி என்பது சிவதாணுவுக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. இருந்தாலும் வணக்கத்தை வாங்கிக்கொண்டார்.

நகரத்துக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் நானோ விஞ்ஞானி. ஒரு நானோமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய வெள்ளித் துகள்களை, சுட்ட களிமண் குழல் ஒன்றின்மேல் பூசி, அதை ஒரு வெள்ளைத் தொட்டிக்குள் பொருத்தி, தண்ணீர் சுத்தம் செய்யும் சாதனம் ஒன்றை அவர் உண்டாக்கியிருந்தார். மேலே அழுக்குத் தண்ணீரை ஊற்றினால் கீழே குழாயில் நல்ல தண்ணீர் வரும். அதற்கு மின்சாரமோ விறகோ தேவையில்லை. பூமிக்கும் பாரமில்லை, ஏழைக்கும் பாரமில்லை. இந்தக் கடைசி வாக்கியம் சொற்பொழிவில் மூன்று இடங்களில் வரும்.

சொந்த வீட்டில் மட்டும் அந்தச் சாதனம் எடுபடவில்லை. அடுக்களையில் அதற்கென்று ஓர் இடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே அவர் மனைவி சொர்ணம்மாள் தினமும் சீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்சினாள்.

“இத்தனை வெள்ளி அதுல இருக்கு. இன்னும் எதுக்கு கேஸை வேஸ்ட் பண்ணுதே?” என்று ஒருநாள் கேட்டார்.

“அது உங்க ஆராய்ச்சி. இது குடிக்க” என்றாள் சொர்ணம்மாள்.

வீட்டில் செல்லுபடியாகாத தீர்க்கதரிசிகள் உலகத்தில் பலர் உண்டு என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் மலையில் நிலைமை வேறு. பொன்முடிக்குப் போகிற வழியில், தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், பன்னிரண்டு வீடுகளுக்கு அவர் அந்தச் சாதனத்தைக் கொடுத்திருந்தார். ஓடையிலிருந்து ஒரு தொட்டிக்கு வரும் தண்ணீர்தான் அந்த வீடுகளுக்கு. ஆறு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜீப்பில் போய், தொட்டித் தண்ணீரையும் பன்னிரண்டு சாதனங்களின் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டில்களில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். தொட்டித் தண்ணீரில் கிருமிகள் திருவிழாக் கூட்டம்போல மொய்க்கும். சாதனத்தின் தண்ணீரில் பூஜ்யம்தான். இருபத்தாறு வாரம், பன்னிரண்டு வீடு, எல்லாம் பூஜ்யம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முடிவு வந்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்குப் போய் ஒரு தேங்காய் உடைப்பார். கடவுள் தன்னோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் கடவுளின் பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான்.

கிருமிகளை எண்ணிச் சொல்கிறவள் ஷெமி. நிலையத்தின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பு. இருபதாவது வாரம் அவள் முடிவுத் தாளோடு வந்து நின்றாள்.

“ஸாரே, இது கொஞ்சம் ஓவர் அல்லே? ஒரு வீட்டிலாவது ஒண்ணு, ரெண்டு வரணும். ஆளுங்க கை வைக்கிற குழாய் அல்லே அது? எனிக்குப் பேடி ஆகுது.”

“நல்லது நடந்தா ஏன் பயப்படணும் ஷெமி?” என்று அவர் புன்னகை செய்தார். அது பெரியவர்கள் சின்னவர்களைப் பார்த்துச் செய்கிற புன்னகை. அவளுக்குப் பொறாமை என்று மனதில் ஒரு மூலையில் நினைத்தார். பிறகு, அப்படி நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அவள் சொன்னதை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்போது எல்லாம் கனிந்து வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலில், உலகின் நீடித்த வளர்ச்சியைப் பற்றிய மாநாடு. அதில் சிவதாணுவின் உரை. அதற்கு முந்தின நாள், பதினோரு வெளிநாட்டுப் பிரதிநிதிகள் லயத்தைப் பார்க்க வருகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை, செய்து அடுக்கி வைத்திருக்கும் நாலாயிரம் சாதனங்கள் மூன்று மாநிலங்களின் மலைக்குடியிருப்புகளுக்கு லாரி ஏறும்.

பிரதிநிதிகள் வருமுன் லயத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று சிவதாணு புதன்கிழமை காலை கிளம்பினார். திங்கட்கிழமை அல்லாத ஒரு நாளில் அவர் அந்த மலை ஏறியது அதுவே முதல் தடவை. ஆறு மாதத்தில் ஒருநாளும் அது தனக்குத் தோன்றாமல் போனதை நினைத்து அவர் பின்னால் வெட்கப்பட்டார். அன்றைக்கு ஜன்னல் காற்றில் அவருக்குத் தோன்றியதெல்லாம், உரையில் ‘ஏழைக்கும் பாரமில்லை’ என்று சொல்லிவிட்டு எத்தனை விநாடி நிறுத்துவது என்பதுதான்.

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக ஏறி லயத்துக்கு வந்தபோது உச்சிப்பொழுது. கொழுந்து பறிக்கிற பெண்கள் சாப்பாட்டுக்கு வரும் நேரம். முதல் வீடு உச்சிமாகாளியுடையது. ஐம்பதைத் தாண்டியவள், லயத்துப் பெண்களுக்கு அவள் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. சாதனம் உள்ளே, சாமி விளக்குக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. நெற்றியில் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். அந்தக் குங்குமத்தைப் படம் பிடித்து, ‘மக்கள் தங்கள் சொத்தாகவே ஏற்றுக்கொண்டார்கள்’ என்று எழுதி, அவர் இரண்டு நாடுகளில் காட்டியிருக்கிறார்.

தாகமாக இருந்தது. டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நூல்போல விழுந்தது. பொறுமையாகப் பிடித்து உதட்டருகே கொண்டு போனபோது, வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம்.

“ஸார்! குடிச்சிராதீங்க!”

உச்சிமாகாளி கொழுந்துக்கூடையோடு வந்து, கையை வீசி டம்ளரைத் தட்டிவிட்டாள். அது சுவரில் மோதி உருண்டது. தண்ணீர் அவர் சட்டை முழுக்கத் தெறித்தது.

“என்னம்மா இது?”

“இன்னைக்கு புதங்கிழமையில்லா ஸார்!”

“புதன்கிழமைக்கு என்ன?”

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற அடுத்த வீட்டு இசக்கி சிரிக்கத் தொடங்கினாள்.

“சொல்லிரு அக்கா. இனி ஒளிச்சு வச்சு என்னத்துக்கு? தட்டிவிட்டாச்சுல்லா.”

“நீ சும்மா கெட.”

“என்னன்னு சொல்லுங்கம்மா” என்றார் சிவதாணு. குரலில் அதட்டலை வரவழைக்கப் பார்த்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறவரின் அதட்டல் எடுபடுமா?

உச்சிமாகாளி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இன்னைக்குக் காய்ச்சி ஊத்தல்ல ஸார். திங்கக்கிழமைன்னாத்தான் காய்ச்சி ஊத்துவோம்.”

“எதை?”

“தண்ணிய.”

சிவதாணு அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“நீங்க மொத நாளு வந்து, எங்க முன்னாடி ஒரு டம்ளர் மடமடன்னு குடிச்சீங்கல்லா?” என்று ஆரம்பித்தாள் உச்சிமாகாளி.

நினைவிருந்தது. சாதனங்களைப் பொருத்திய அன்று, பாட்டில் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, மக்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று தானே முதல் டம்ளரைக் குடித்து, வெறும் டம்ளரை எல்லோருக்கும் கவிழ்த்துக் காட்டியது.

“அடுத்த வாரம் வந்தப்போ கன்னம் ஒட்டி, கண்ணெல்லாம் உள்ள போயி, பாக்கவே சகிக்கல. ஸாருக்கு மூணு நாளா வயித்தால போச்சுன்னு பிஜி சொல்லிச்சு.”

சிவதாணு வெளியே பார்த்தார். டிரைவர் பிஜி ஜீப்பின் டயரை மிகவும் அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“அது வர்ற வழியில விதுரையில தின்ன பருப்புவடைம்மா” என்றார் சிவதாணு, மெல்லிய குரலில்.

“வடையா இருந்தா பிஜிக்கும் போயிருக்கணுமே? அதுவும் தின்னுச்சே, நாலு” என்றாள் இசக்கி.



“பட்டணத்து உடம்பு. எங்களுக்கு ஓடைத்தண்ணி பழகிப்போச்சு, உங்களுக்குத் தாங்குமா?” உச்சிமாகாளிக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. “வேண்டாம்னா நீங்க கேக்க மாட்டீங்க. வாராவாரம் வந்து குடிச்சுக் காட்டுவீங்க. போதாததுக்குப் பாட்டில்ல வேற கொண்டுபோறீங்க. ஆபீஸ்ல பெரியவங்கல்லாம் குடிச்சுப் பாப்பாங்க போலன்னு நெனச்சோம். வீடு தேடி வந்தவங்களுக்குப் பச்சத்தண்ணிய எப்படிக் குடுக்க? அதான், ஞாயித்துக்கிழம சாயந்தரம் கோயில் அண்டாவுல மொத்தமாக் காய்ச்சி, ஆறவச்சு, விடியக்காலம் எல்லா வீட்டுப் பெட்டியிலயும் ஊத்திருவோம். ஒரு வாரம் ஒரு வீட்டு அடுப்பு. மொறை போட்டுத்தான்.”

“பெட்டியை...” சிவதாணு சாதனத்தின் பக்கம் திரும்பினார். “பெட்டியை எதால கழுவுவீங்க?”

“சாம்பலும் தேங்காநாரும் போட்டு நல்லாத் தேச்சுருவோம். அந்த உள்ள இருக்க மண்ணுக்குழல்ல ஏதோ கறுப்பாப் பூசியிருந்துது பாருங்க, அது போறதுக்குத்தான் ரெண்டு வாரம் ஆச்சு” என்றாள் இசக்கி பெருமையாக.

நானோ அளவில் கறுத்துத் தெரியும் அந்த வெள்ளிப் பூச்சுதான் சிவதாணுவின் பதினோரு வருடம்.

கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பார்க்கத் தெரிந்த மனிதர் அவர். லட்சத்தில் ஒரு பங்கு தடிமனைப் படம் பிடித்துக் காட்டுவார். ஆனால் கண்ணெதிரே கரி படிந்த அண்டா கிடந்தது தெரியவில்லை. முற்றத்தில் கிடந்த விறகுச் சாம்பல் தெரியவில்லை. இருபத்தாறு வாரம் அவர் உடைத்த தேங்காய்களெல்லாம் நியாயமாக இந்த அடுப்புக்குச் சேரவேண்டியவை.

“சரி, நீங்க எதைக் குடிக்கிறீங்க?”

“பைப்புத்தண்ணிதான். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும், வெறகு கெடச்சாக் காய்ச்சுவோம். இது சொட்டுச்சொட்டா விழுது ஸார். ஒரு கொடம் நெறையறதுக்குள்ள நாங்க ஒரு மலை கொழுந்து பறிச்சுட்டு வந்துருவோம். பாக்க அழகா இருக்கு, அதான் வெளக்குப் பக்கத்துல வச்சிருக்கு.”

“இதை ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லலை?”

உச்சிமாகாளி சங்கடமாகச் சிரித்தாள். “நீங்க அவ்வளவு ஆசையாப் பேசிட்டு இருந்தீங்க. மனசு வரல்ல.”

பிறகு அவர் முகத்தைப் பார்த்து, ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோலக் குனிந்து சொன்னாள். “நாளைக்கு வெள்ளைக்காரங்க வாராங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. எத்தனை பேரு? பதினொண்ணா? ரெண்டு அண்டா போட்டுருவோம் ஸார். உங்களுக்கு ஒரு கொறவும் வராது. நீங்க கவலப்படாமப் போங்க.”

ஜீப் இறங்கும்போது பிஜி ஆறு வளைவுகளை ரோட்டிலேயே கண்ணாக ஓட்டினான். ஏழாவதில் சிவதாணுவே கேட்டார்.

“நீயாவது சொல்லியிருக்கலாம்ல பிஜி?”

“ஸார் சோதிச்சில்லல்லோ” என்றான் அவன். நீங்கள் கேட்கவில்லையே என்பதுதான் அதற்கு அர்த்தம். கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பாவம் வடைக்காரனை ஸார் அன்னைக்குத் திட்டினப்போ எனிக்கு சங்கடம் ஆச்சு” என்று சேர்த்துக்கொண்டான்.

விதுரையில் சிவதாணு ஜீப்பை நிறுத்தச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் தான் எல்லோர் முன்னிலும் ஏசிய அந்தச் சாயாக்கடைக்காரனிடம் போய், “அன்னைக்கு உன் வடையில தப்பில்லை அப்பா, என் தண்ணியிலதான் தப்பு” என்றார். அவனுக்கு இவரை ஞாபகமே இல்லை. இருந்தாலும் சிரித்து, இரண்டு வடையை இலையில் வைத்துக் கொடுத்தான். ஏசியவரை மறந்துபோயிருப்பது எவ்வளவு பெரிய மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டே சிவதாணு சாப்பிட்டார். வடை நன்றாகத்தான் இருந்தது.

அந்தி வேளையில் கரமனை சிவன் கோயிலுக்குப் போனார். உண்மையைச் சொன்னால், அவர் போனது பிரார்த்தனை செய்ய அல்ல, அனுமதி வாங்க. பேசாமல் இருந்துவிட அனுமதி. காரணங்களும் தயாராக வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் சாதனம் வேலை செய்கிறது, அது பொய்யில்லை. கொஞ்சம் மாற்றங்கள் செய்துகொள்ளலாம். இரண்டு நாள் கழிந்தால் மாநாடு முடிந்துவிடும். நிலையத்தின் மானம், நாட்டின் மானம், கீழே சிறிய எழுத்தில் சிவதாணுவின் மானம். அண்டாவும் இரண்டு தயாராக இருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

தீபாராதனை காட்டினார்கள். கண்ணை மூடினார். கண்ணுக்குள் வந்ததோ நாலாயிரம் வெள்ளைத் தொட்டிகள். லாரியிலிருந்து இறங்கி, பெயர் தெரியாத மலைகளில், பெயர் தெரியாத வீடுகளில் அவை வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருத்தி ஓடைத்தண்ணீரை ஊற்றினாள். படித்தவர்கள் கொடுத்தது என்று நம்பி, அதுவரை காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்பையும் அணைத்துவிட்டுக் குழந்தைக்குப் பிடித்துக் கொடுத்தாள். அங்கே யாருக்காகவும் அண்டா ஏற்ற உச்சிமாகாளி இல்லை.

கண்ணைத் திறந்தார். அனுமதி கிடைக்கவில்லை. சுவாமி வழக்கம்போலவே இருந்தார்.

வீட்டுக்கு வந்து சொர்ணம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்காமல் கேட்டாள். அண்டா வந்த இடத்தில் மட்டும் அடக்க முடியாமல் அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“அந்தப் பிள்ளைகள் உங்க வயித்துக்காக ஆறு மாசம் வெறகு சுமந்திருக்கு. அதைச் சபையில சொல்றதுல உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?” என்றாள். “சாப்பிட வாங்க. ஆறிப்போவுது.”

சாப்பிட்டுவிட்டு ஷெமிக்குப் போன் செய்தார். “நீ சொன்னது சரி. நான் கேட்டிருக்கணும்” என்று தொடங்கி முழுவதும் சொன்னார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்வதற்கு இடம்விட்டுக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. “நாளைக்கு ஞானும் வரேன் ஸாரே. புதிய பாட்டில் எடுத்துக்கறேன்” என்றாள்.

அடுத்தது நிலையத்தின் இயக்குநர் பத்மகுமார். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, இன்னும் நிதானமாகச் சொன்னார். “சிவதாணு, நாளை தான் ஒண்ணும் மிண்டண்டா. வெள்ளிக்கிழமை கழியட்டே. பின்னே நமுக்கு நோக்காம்.” வாயைத் திறக்காதே, மாநாடு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். நேற்று வரைக்கும் அதுவே புத்திசாலித்தனமான யோசனை என்று சிவதாணுவும் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை இரண்டு வேன்கள் லயத்துக்கு வந்து நின்றன. ஷெமி புதிய பாட்டில்களோடு இறங்கினாள். பெண்கள் கூலியை விட்டுவிட்டு நல்ல சேலை உடுத்து நின்றார்கள். சாதனங்களுக்கு மல்லிகைச் சரம். வீடுகளுக்குப் பின்னால், வெள்ளைத் துணியால் மூடிய இரண்டு அண்டாக்கள் ஓரமாக வைத்திருப்பதைச் சிவதாணு பார்த்தார். இந்தத் தடவை அது கண்ணில் பட்டது.

பத்மகுமார் பிரதிநிதிகளை உச்சிமாகாளியின் வீட்டுக்குள் அழைத்துப் போனார். கூட்டத்துக்குத் தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெரியம்மாள். நாலாயிரம் சாதனங்களுக்கும் பணம் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். “எங்கள் டாக்டர் ஒவ்வொரு வாரமும் இந்த மக்களோடு சேர்ந்து தானே குடித்துக் காட்டுவார்” என்று பத்மகுமார் ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு டம்ளரை நிரப்பிச் சிவதாணுவின் கையில் கொடுத்தார். அப்படியே கண்ணாலும் ஒன்று சொன்னார்.

சிவதாணு டம்ளரைப் பார்த்தார். ஓரமாக நின்ற உச்சிமாகாளி அவருக்கு மட்டும் தெரியும்படி தலையசைத்தாள். குடியுங்கள், பயமில்லை.

அந்தத் தலையசைப்புதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

“இது நல்ல தண்ணீர்” என்றார் ஆங்கிலத்தில். “ஆனால் இதை நல்லதாக்கியது என் சாதனம் இல்லை. இதோ நிற்கிற இந்தப் பெண்கள். நேற்று விறகு வைத்துக் காய்ச்சியிருக்கிறார்கள். ஆறு மாதமாக, நான் வருகிற நாளில் மட்டும், எனக்கு வயிறு கெடக்கூடாது என்று காய்ச்சியிருக்கிறார்கள். என் முடிவுகள் எல்லாம் அந்த அண்டாவின் முடிவுகள். மேலே பூசிய வெள்ளி சாம்பலோடு எப்போதோ போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. என்னோடு வேலை செய்கிறவள் எச்சரித்தாள், நான் காதில் வாங்கவில்லை.”

பத்மகுமார் கூரையின் தகரத்தைப் பார்த்தார்.

“என்ன சொல்லுதாரு?” என்று இசக்கி பிஜியின் முழங்கையை இடித்தாள்.

“உள்ளது சொல்லியாச்சு” என்றான் பிஜி.

உச்சிமாகாளி முன்னால் வந்துவிட்டாள். “ஐயோ ஸார், எங்களாலதானா? நாங்க கெடுத்துட்டோமா? நல்லதுன்னுல்லா செஞ்சோம்!”

ஒத்திகை பார்த்த சொற்களில் இதற்கு ஒன்றுமில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். “நீங்க ஒண்ணும் கெடுக்கலை அம்மா. நான் ஆறு மாசம் உங்க வீட்டுக்கு வந்தேன், உங்களை ஒரு வார்த்தை கேக்காமலே வந்தேன். அதுதான் கெட்டுப்போச்சு. நீங்க காய்ச்சலேன்னா எனக்கு இதுகூடத் தெரிஞ்சிருக்காது.”

நரைத்த முடிக்காரப் பெரியம்மாள் சிவதாணுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்படியென்றால் அந்த நாலாயிரம்?”

“போகக் கூடாது. ஒன்றுகூடப் போகக் கூடாது.”

பெரியம்மாள் தலையசைத்துவிட்டு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். பத்மகுமாரும் பின்னாலேயே போனார். ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாகக் காதில் விழுந்ததிலிருந்து, லாரிகள் நின்றுவிட்டன என்பது சிவதாணுவுக்குத் தெரிந்தது. தன் பெயர் நாளைய நிகழ்ச்சி நிரலில் இருக்காது என்பதும் தெரிந்தது. முதல் செய்தியில் வந்த நிம்மதி இரண்டாவதில் வந்த வலியைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்பதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்.

மாநாடு அவர் இல்லாமலே நன்றாக நடந்ததாகப் பத்திரிகையில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். கட்டிலில் படுத்து இரண்டு நாள் சுவரைப் பார்த்தார். மூன்றாம் நாள் சொர்ணம்மாள், “சுவருல அப்படி என்ன நானோ தெரியுது?” என்று கேட்டதும் எழுந்துகொண்டார்.

நிலையம் அந்த வேலையை ஒரேயடியாக மூடிவிடவில்லை. ஷெமியின் பொறுப்பில் புதிதாகத் தொடங்கச் சொன்னது. சிவதாணு அவளுக்குக் கீழே உதவியாளர். ஒரு செவ்வாய்க்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் இருவரும் மலை ஏறினார்கள். காய்ச்சாத தண்ணீரை எடுத்தார்கள். ஷெமி வீட்டுக்கு வீடு உட்கார்ந்து ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். தண்ணீர் வேகமாக விழவேண்டும், சாம்பலில் தேய்த்தாலும் போகக்கூடாது, விறகு பொறுக்கக் காட்டுக்குள் போனால் ஃபாரஸ்ட் கார்டு விரட்டுகிறான் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, சிவதாணு மூலையில் உட்கார்ந்து எழுதினார். குறுக்கே பேசவேண்டும் என்று நாலு தடவை வாய் வந்தது. மூன்று தடவை அடக்கிவிட்டார்.

“பச்சத்தண்ணி ஸார், நெறைய பூச்சி இருக்கும். அவமானமால்லா இருக்கு” என்றாள் உச்சிமாகாளி, பாட்டிலில் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே.

“இருக்கட்டும்மா. இருக்கறது தெரிஞ்சாத்தானே போக்க முடியும்?”

பாட்டில்களை அடுக்கி மூடியதும் ஷெமி முன்னால் நடந்தாள். ஐஸ் பெட்டியை அவர் இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஜீப்புக்குப் போகிற சரிவில் இறங்கினார். இசக்கி வேலியோரம் நின்று பார்த்தாள்.

“ஸாருக்கு வேலை போச்சா?”

“போகலை இசக்கி. பெட்டி தூக்கற வேலை கெடச்சிருக்கு.”

“அதாவது ஒழுங்காப் பாருங்க” என்றாள் அவள்.

வழி ஈரமாக இருந்தது. ஒரு கல்லில் கால் வழுக்கியது. பெட்டி சாய்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதன் மறுபக்கத்தைப் பிடித்தது. உச்சிமாகாளியின் கை. மலை இறங்கிப் பழகாத மனிதரின் அடிக்குத் தக்கபடி தன் அடியைச் சுருக்கிக்கொண்டு, ஜீப் வரைக்கும் கூடவே நடந்தாள்.